அற்புதமும் மனந்திரும்புதலும்: கொல்லிமலை வரலாற்றிலிருந்து சில செய்திகள்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு நம் வட்டாரத்தைப் பற்றிய வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். கொல்லிமலை என்றவுடன் வல்வில் ஓரியின் வள்ளன்மையையும், அறப்பளீசுவரர் கோயிலையும், கொல்லிப்பாவையையும் எழுதுவதே வழக்கம். யாமும் அவ்வாறே எழுதக் கருதியிருந்தோம். ஆயினும் சென்ற கல்வியாண்டில் எம் மாணவன் ஒருவனின் வீட்டில் யாம் கண்ட நிகழ்ச்சி எம் கருத்தை வேறொரு வரலாற்றின்பால் செலுத்திவிட்டது.

பத்தாம் வகுப்பில் பயின்ற அம்மாணவன் மூன்று வாரங்களாகப் பள்ளிக்கு வரவில்லை. காரணம் அறிய ஒரு மாலைப்பொழுதில் முள்ளுக்குறிச்சிக்கு அப்பால் மலையடிவாரத்தில் உள்ள அவன் வீட்டிற்குச் சென்றோம். பையன் குச்சிக்கிழங்குக் காட்டில் கூலி வேலைக்குப் போயிருந்தான். தந்தை கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். அவருக்குக் காசநோய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை பெற்று இரண்டு மாத காலம் ஒழுங்காக உண்டு, இருமல் தணிந்து, எடையும் கூடி வந்தவர். அதன்பின் வெளியூரில் நடைபெற்ற சுகமளிக்கும் கூட்டம் ஒன்றுக்குச் சென்றார். திரும்பி வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டார். சில மாதங்களில் இருமல் முன்னிலும் கடுமையாகத் திரும்பி வந்தது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டோம். "ஆண்டவர் தொட்டுட்டாருன்னு மேடையில ஏறிச் சாட்சி சொல்லிட்டேன் சார். அதுக்கப்புறமும் மாத்திரை சாப்பிட்டா விசுவாசம் இல்லேன்னு ஆயிடுமே" என்றார்.

அவரை ஏளனம் செய்ய எமக்கு மனம் வரவில்லை. வாழ்நாள் முழுவதும் யாராலும் ஒரு பொருட்டாக மதிக்கப்படாத ஒரு மனிதரை ஆயிரம் பேர் முன்னிலையில் மேடையேற்றிப் பேசச் செய்திருக்கின்றனர். அந்தப் பேச்சைக் காப்பாற்றவே அவர் உயிரைப் பணயம் வைத்திருக்கிறார். அன்றிரவு வீடு திரும்பிய யாம், அற்புதம், மனந்திரும்புதல், விசுவாசம் என்னும் மூன்று சொற்களும் கிறித்தவத்தில் எவ்வாறு தொடர்புபடுகின்றன என்பதை நூல்களில் தேடிப் படிக்கத் தொடங்கினோம். யாம் போதகர் அல்லோம். அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்துத் தலைமையாசிரியரானவர். நம் சங்கத்தில் ஆலயத்திற்குச் செல்லும் குடும்பங்களும் உண்டு. மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கும் குடும்பங்களும் உண்டு. அண்ணல் அம்பேத்கர் காட்டிய பௌத்த நெறியை மேற்கொண்டோரும் உண்டு. எவருடைய நம்பிக்கையையும் குலைப்பது எம் நோக்கமன்று.

முதலில் சொற்களைப் பார்ப்போம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டளவில் முழுமையாக அச்சேறிற்று. அக்காலந்தொட்டு இந்நாட்டில் வழங்கிவரும் கிறித்தவத் தமிழ்ச் சொற்களுள் 'மனந்திரும்புதல்' என்பது மிக அழகியதொன்று. மூல மொழியாகிய கிரேக்கத்தில் இதற்குரிய சொல் 'மெட்டனோயா'. எண்ணம் மாறுதல் என்பது அதன் பொருள். அதற்கும் முற்பட்ட எபிரேய மொழியில் தீர்க்கதரிசிகள் ஆண்ட சொல்லோ, போன வழியை விட்டுத் திரும்பி நடத்தலைக் குறிக்கும். தமிழ்ச் சொல்லில் மனமும் இருக்கிறது, திரும்புதலும் இருக்கிறது. கண்ணீர் விடுவது மட்டும் மனந்திரும்புதல் ஆகாது. கால் திரும்ப வேண்டும். அற்புதம் என்று நாம் சொல்வதை யோவான் சுவிசேஷம் பெரும்பாலும் 'அடையாளம்' என்னும் பொருளுடைய சொல்லாலேயே குறிக்கின்றது. கைகாட்டி மரம் ஊரின் அடையாளம். கைகாட்டி மரத்தையே ஊர் என்று எண்ணி அதனடியில் குடியேறுபவர் எவருமிலர்.

நான்கு சுவிசேஷங்களையும் ஒருசேரப் படிப்பவர்க்கு ஒரு செய்தி வியப்பூட்டும். அற்புதங்கள் மிகுதியாக நிகழ்ந்த ஊர்களே மனந்திரும்பாத ஊர்கள் என்று இயேசுவால் கடிந்துரைக்கப்படுகின்றன. கோராசின், பெத்சாயிதா, கப்பர்நகூம் ஆகிய மூன்றும் அத்தகையவை. இதற்கு மாறாக, பழைய ஏற்பாட்டில் நினிவே நகரத்தில் யோனா ஓர் அற்புதமும் செய்யவில்லை. ஒரு செய்தியை மட்டுமே கூறிக்கொண்டு தெருவில் நடந்தார். அரசன் முதல் குடிகள் வரை திரும்பினர். ஆலய உச்சியிலிருந்து குதித்துக் காட்டுமாறு சோதனைக்காரன் கேட்டபோது இயேசு மறுத்துவிட்டார். ஐசுவரியவான், லாசரு உவமையின் முடிவிலும், செத்தவன் ஒருவன் எழுந்து போய்ச் சொன்னாலும் கேளாதவர் கேளார் என்னும் கருத்தே வற்புறுத்தப்படுகின்றது. அந்த உவமையின் ஐசுவரியவான் செய்த குற்றம் யாது? வாசலில் கிடந்த ஏழையைக் காணாமல் போனதே. அதை நீக்க அற்புதம் எதற்கு? கண்ணைத் திறந்தால் போதுமே.

சகேயு என்னும் ஆயக்காரனின் வரலாற்றில் நோய் நீங்கவில்லை, கடல் பிளக்கவில்லை. இயேசு அவன் வீட்டில் விருந்துண்ணச் சென்றார், அவ்வளவே. அவனோ தன் சொத்தில் பாதியை ஏழைகட்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் எழுந்து நின்று அறிவித்தான். பத்துக் குட்டரோகிகள் சுகம் பெற்ற நிகழ்ச்சியில் பத்துப் பேருக்கும் அற்புதம் கிட்டிற்று; திரும்பி வந்தவன் ஒருவனே. அவனும் யூதர் தீண்டாது ஒதுக்கிய சமாரியன். இதனை நம் இளைஞர் கவனிக்க வேண்டும்.

இனி நம் மலைக்கு வருவோம். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்திலேயே மேலே சென்றுவிடலாம். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒற்றையடிப் பாதையன்றி வேறில்லை. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் மேலே இராத் தங்கவும் தயங்கினர். மேலே வாழ்ந்த மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் சாமை, தினை, கேழ்வரகு பயிரிட்டு, தம் தெய்வங்களை வணங்கி, தமக்கென நாடுகளும் ஊர்க் கட்டுப்பாடுகளும் அமைத்து வாழ்ந்தவர்கள். கடவுளறியாத மக்களிடையே கடவுளைக் கொண்டு சென்றனர் என்று சில நூல்கள் எழுதுவது பொருந்தாது.

ஜெஸ்ஸி பிராண்டு என்னும் ஆங்கிலேயர் 1885இல் பிறந்தவர்; கட்டட வேலை பயின்றவர். 1907இல் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்னும் சபையின் ஊழியராக இந்நாடு வந்து சேந்தமங்கலம் பகுதியில் பணியாற்றினார். வெப்ப நாடுகளின் நோய்களுக்குரிய மருத்துவத்தில் இலண்டனில் ஓராண்டு பயிற்சியும் பெற்றிருந்தார். 1913இல் எவலின் ஆரிஸ் என்னும் அம்மையாரைச் சேந்தமங்கலத்தில் மணந்து, இருவரும் மலைமேல் வாழவந்தி நாட்டில் குடியேறினர். அவர்கள் வாழ்ந்த மரவீட்டுக்குரிய பொருள்கள் மனிதர் தலைமீது மலையேறின. சுமந்தவர்களின் பெயரை யாம் படித்த எந்த நூலிலும் காணோம். வரலாற்றில் சுமப்பவர் பெயர் நிற்பது அரிது.

பிராண்டு தம்பதியர் மருந்து கொடுத்தனர், பல் பிடுங்கினர், காயம் கட்டினர், தச்சு வேலை கற்பித்தனர். மக்கள் வந்தனர், சுகம் பெற்றனர், நன்றி கூறினர், திரும்பிச் சென்றனர். அக்கால மலைமக்களுக்கு அம்மருத்துவமே ஓர் அற்புதம் போலத் தோன்றியிருக்கும். ஆயினும் முதல் ஐந்தாண்டுகளில் சபை என்று சொல்லத்தக்க ஒன்று அங்கு உருவாகவில்லை. சுகம் வேறு, விசுவாசம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அக்காலத்து நோய்களுள் நரம்புச்சிலந்தி கொடியது. இன்றைய இளைஞர் அதன் பெயரையும் கேட்டிரார். அது நம் நாட்டிலிருந்து அறவே நீங்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டில் சான்றளித்தது. இந்தப் புழு மனித உடலினுள் ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, முழங்காலுக்குக் கீழே பெரும்பாலும் கணுக்காலிலோ பாதத்திலோ கொப்புளமாக வெளிப்படும். நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை இருக்கும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைத் தண்ணீரில் வைப்பார். வைத்தவுடன் கொப்புளம் உடைந்து புழு தன் குஞ்சுகளை அந்நீரில் கக்கும். அவற்றைத் தண்ணீரில் வாழும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுயிர்கள் விழுங்கும். அந்நீரைக் குடிப்பவர் உடலில் புழு மீண்டும் வளரும். படிகளில் இறங்கிக் காலை நனைத்து நீர் மொள்ளும் கிணறுகளே அன்று பல. ஆகையால் ஊருக்கு ஊர் இந்நோய் நின்றது.

இதற்கு அன்றும் மருந்தில்லை. இன்றும் புழுவைக் கொல்லும் மருந்தோ தடுப்பூசியோ இல்லை. வெளியே தலைநீட்டும் புழுவைச் சிறு குச்சியில் சுற்றி, நாளொன்றுக்குச் சில அங்குலம் வீதம், அறுந்துவிடாமல் பொறுமையாக இழுத்தெடுக்க வேண்டும். அறுந்தால் உள்ளே சீழ்பிடித்துக் கால் முடங்கும். ஜெஸ்ஸி பிராண்டு இவ்வாறு புழுக்களை இழுத்தெடுத்ததைச் சிறுவனாக அருகில் நின்று கண்டவர் அவர் மகன் பால் பிராண்டு. தந்தை அத்துடன் நிற்கவில்லை. கிணற்றினுள் எவரும் காலை வைக்கலாகாது என்றார். கிணற்றைச் சுற்றிக் கல்லால் சுவர் எழுப்பச் செய்தார். குடிநீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்குமாறு ஊர் ஊராகச் சென்று சொல்லிவந்தார்.

இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். காலிலிருந்து புழுவை எடுத்தது ஒருவருக்குக் கிடைத்த சுகம். அவரே மறுநாள் பழையபடி படியிறங்கிக் காலை நனைத்து அந்த நீரையே குடிப்பாரானால், அடுத்த ஆண்டு மற்றொரு புழு. அவர் வீட்டாருக்கும் புழு. எத்தனை புழுவை இழுத்தாலும் முடிவு இராது. ஊரார் பழக்கம் திரும்பிச் சுவர் எழுந்தால்தான் நோய் நீங்கும். சுவர் எழுப்பக் கல் சுமக்க வேண்டும். காலங்காலமாக இறங்கி வந்த படியை விட வேண்டும். சொல்பவர் நம் நன்மைக்கே சொல்கிறார் என்ற நம்பிக்கையும் வேண்டும். அற்புதம், மனந்திரும்புதல், விசுவாசம் ஆகிய மூன்றும் எவ்வாறு பொருந்துகின்றன என்பதைப் பெருநூல்களில் தேடிக்கொண்டிருந்த எமக்கு, இந்தக் கிணற்றங்கரையில்தான் அது விளங்கிற்று. புழுவை எடுப்பதோடு நிற்பவர் எவராயினும், அவர் மேடையில் நிற்பினும் மருத்துவமனையில் நிற்பினும், பாதி வேலையே செய்தவராவார்.

நம்பிக்கை எவ்வாறு பிறந்தது? அதற்கும் ஒரு செய்தி உண்டு. 1918, 1919ஆம் ஆண்டுகளில் இன்புளூயன்சா என்னும் கொள்ளைக் காய்ச்சல் உலகெங்கும் பரவிற்று. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்காய்ச்சல் மலைமேலும் ஏறிற்று. வாழவந்திப் பகுதியில் பிராண்டு தம்பதியரைக் கடுமையாக எதிர்த்துவந்த பூசாரி ஒருவரும் அவர் மனைவியும் நோயில் வீழ்ந்தனர். தொற்றுக்கு அஞ்சி அண்டை அயலார் எவரும் அக்குடிசைக்குள் நுழையவில்லை. ஜெஸ்ஸி பிராண்டு நுழைந்தார். கஞ்சி ஊட்டிப் பணிவிடை செய்தார். நோய் நீங்கவில்லை. இருவரும் இறந்தனர். இறக்குமுன் அப்பூசாரி தம் பச்சிளம் பெண்குழந்தையையும் அவள் தமையனையும் பிராண்டு தம்பதியரிடமே ஒப்படைத்துச் சென்றார். மலையில் கிறித்தவ சபை தோன்றிய வரலாறு இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே தொடங்குகின்றது.

சுகமளித்தபோது திரும்பாத ஊர், சுகமளிக்க இயலாது தோற்ற அந்த இரவுக்குப் பின் திரும்பியது. அந்தக் குடிசையில் அற்புதம் எதுவும் நிகழவில்லை. நிகழ்ந்ததெல்லாம் எவரும் நுழையாத வாசலில் ஒருவர் நுழைந்ததே. தீண்டாமை இன்னதென்று அறிந்த நமக்கு, அந்த வாசலின் பொருளை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் வரலாற்று மாணவர் ஒன்றை நினைவிற் கொள்க. இச்செய்தியைப் பிராண்டு குடும்பத்தாரும் அவர்தம் நண்பரும் எழுதிய நூல்கள் வாயிலாகவே நாம் அறிகிறோம். பூசாரியின் உறவினர் அதனை எவ்வாறு நினைவுகூர்ந்தனர் என்பது எழுதப்படவில்லை. எதிர்ப்பிலும் ஒரு நியாயம் இருந்திருக்கலாம். தம் தெய்வத்தையும் தம் மக்களையும் காக்க நினைப்பது குற்றமாகாது.

1929ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் ஜெஸ்ஸி பிராண்டு, மலேரியாவின் கொடிய வடிவமாகிய கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். அகவை 44. அவருடைய மனைவி பிரார்த்தித்திருப்பார் என்பதில் ஐயமில்லை, சபையாரும் பிரார்த்தித்திருப்பர். அற்புதம் நிகழவில்லை. பதினைந்து அகவையளவில் இங்கிலாந்தில் பயின்றுகொண்டிருந்த மகன் பாலுக்குத் தந்தி சென்றது. தந்தி சேர்ந்த பின்னும், முன்பே கப்பலில் அனுப்பப்பட்டிருந்த தந்தையின் கடிதங்கள் வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தனவாம். விசுவாசத்திற்குக் கூலி நலமான உடல் என்றால், அம்மையார் அன்றே மூட்டை கட்டியிருக்க வேண்டும். அவரோ மீண்டும் இந்நாட்டிற்கே வந்தார். முதுமை கருதி மிஷன் சபையார் ஓய்வளித்த பின்னும் சொந்தப் பொறுப்பில் மலையிலேயே வாழ்ந்தார். மட்டக் குதிரையேறியும், விழுந்து அடிபட்ட பின் இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றியும், கொல்லிமலையோடு அமையாமல் பச்சைமலை, கல்வராயன் மலை முதலிய மலைகளுக்கும் சென்று பணியாற்றினார். 1974ஆம் ஆண்டு திசம்பர் 18ஆம் நாள், 95 அகவையில் மறைந்தார். பெட்டியின்றிப் பருத்தித் துணியில் சுற்றி, வாழவந்தியில் கணவரின் கல்லறைக்கருகே அடக்கம் செய்தனர்.

மகன் பால் பிராண்டு 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். மருத்துவராகி 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே அழுகி விழுவதில்லை, உணர்ச்சி மரத்துப் போவதால் அறியாமல் ஏற்படும் காயங்களே கையையும் காலையும் சிதைக்கின்றன என்பதை அவர் உலகுக்கு உணர்த்தினார். மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றும் அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். முடங்கிய கை விரிவதைக் கண்டோர் அதை அற்புதம் என்றே சொன்னார்கள். ஆனால் கை நிமிர்ந்த நோயாளிகள் சிலர் அவரிடம் திரும்பி வந்து, இந்தக் கைகள் பிச்சை எடுக்க உதவவில்லை என்று முறையிட்டனராம். முடமான கைக்கு இரங்கிக் காசு போட்டவர், நிமிர்ந்த கைக்குக் காசும் போடவில்லை. பழைய நோயாளி என்று அறிந்து வேலையும் தரவில்லை. வாடகைக்கு வீடும் தரவில்லை. எனவே நவஜீவ நிலையம் என்ற குடியிருப்பை ஏற்படுத்தித் தச்சு முதலிய தொழில்களைக் கற்பிக்க வேண்டியதாயிற்று. நோயாளியின் கை திரும்பிவிட்டது. ஊரின் மனம் திரும்பவில்லை. மனந்திரும்புதல் என்றால் நோயாளிதான் திரும்ப வேண்டும், ஏழைதான் அழ வேண்டும் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். திரும்ப வேண்டியவர் பட்டியல் நீளமானது.

நம் மக்களின் வரலாற்றிலும் இதற்குச் சான்றுகள் உள. ஆந்திர நாட்டில் ஓங்கோல் பகுதியில் ஜான் கிளவ் என்னும் அமெரிக்க பாப்டிஸ்ட் ஊழியர் 1866 முதல் பணியாற்றினார். அவரிடம் முதலில் வந்தவர்களுள் எர்ரகுண்ட்ல பெரய்யா என்னும் மாதிகர் ஒருவர். மாதிகர் நம் வட்டாரத்து அருந்ததியர் மக்களைப் போலத் தோல்தொழில் செய்து வாழ்ந்து ஒதுக்கப்பட்டவர். உயர்சாதியார் சிலர் கிளவிடம் சென்று, மாதிகரைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்றனர். அவரும் தயங்கினார். அப்போது அவரும் அவர் மனைவியும் வெவ்வேறு அறையில் தனித்தனியே வேதநூலைத் திறக்க, இருவர் கண்ணிலும் ஒரே பகுதி பட்டதாம்: ஞானியரையும் வலியோரையும் விட்டு எளியோரையே கடவுள் தெரிந்துகொண்டார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய பகுதி. இதனை அற்புதம் என்பார் அற்புதம் என்க. தற்செயல் என்பார் தற்செயல் என்க. எமக்குச் சிறப்பாகத் தோன்றுவது அதன்பின் நிகழ்ந்ததே. போதிக்க வந்தவர் தாம் திரும்பினார், மாதிகரைச் சேர்த்துக்கொண்டார், உயர்சாதியார் வாராதொழிந்தனர்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் பக்கிங்காம் கால்வாய் வெட்டும் பணியில் ஒரு பகுதியைக் கிளவ் ஒப்பந்தமாக ஏற்று, பட்டினியால் வாடிய ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தார். ஞானஸ்நானம் கேட்டோர் பலர். பஞ்ச நிவாரணம் நடக்கும்வரை ஒருவருக்கும் கொடேன் என்று அவர் மறுத்துவிட்டார். சோற்றுக்காக வந்தனர் என்ற பழி அம்மக்கள்மீது விழலாகாது என்பது அவர் கருத்து. கூலி நின்ற பின்னும் அவர்கள் வந்தனர். 1878 சூலை 3ஆம் நாள் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். கடவுளின் பெயரால் கூட்டம் கூட்டுவோர் இந்தப் பொறுமையைச் சிறிது கற்றுக்கொள்ளலாம். ஆனால் அவர்களுக்கு இடப்பட்ட கட்டளைகளுள் ஒன்று செத்த மாட்டின் இறைச்சியை உண்ணலாகாது என்பது. அதைக் கைவிட்டது தன்மானத்திற்கு நல்லதே, மறுப்பதற்கில்லை. எனினும் நம் மக்கள் அதை விரும்பியா உண்டனர்? உழைப்புக்குக் கூலியாக அதையே விட்டுவைத்தவர் மனந்திரும்ப வேண்டும் என்று எந்தக் கட்டளையும் இடப்படவில்லை.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊரில் 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயம் இரண்டு கால்கள் போன்ற இரு கூடங்களாகக் கட்டப்பட்டது. ஒரு கூடத்தில் வேளாளர். மற்றொன்றில் நாடார் முதலிய ஏனையோர். இரண்டும் பீடத்தருகே சேரும், மக்களோ சேரார். கன்னியிடம் பிறந்ததையும், தண்ணீர் திராட்சை இரசமானதையும், செத்தவர் உயிர்த்ததையும் ஐயமின்றி நம்பியவர்கள், பக்கத்து மனிதனோடு ஒரே தரையில் முழந்தாளிடலாம் என்பதை மட்டும் நம்பவில்லை. 1910இல் கௌசானல் என்னும் குருவானவர் அத்தடுப்பை நீக்கினார். நீக்கியதை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர், வழக்கில் தோற்றனர். அங்கே ஏறத்தாழ முப்பத்தெட்டு ஆண்டுகள் அவ்வாறே திருப்பலி நடந்திருக்கிறது. அற்புதத்தில் நம்பிக்கை இருந்தும் மனந்திரும்புதல் இல்லாமல் ஒரு சபை எத்தனை காலம் நடக்க முடியும் என்பதற்கு அக்கட்டடமே சாட்சி. கல்லறைத் தோட்டங்களில் இன்றும் சாதி பார்க்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டென்பதை நம் இளைஞர் அறிவர்.

கிணற்றைச் சுற்றி எழுந்த சுவர் நோயைத் தடுத்தது; ஆலயத்துக்குள் எழுந்த சுவர் நோயை வளர்த்தது. சுவரைக் கட்டுவதா இடிப்பதா என்பதில் இல்லை மனந்திரும்புதல். யாருக்காக என்பதில் இருக்கிறது.

இவற்றையெல்லாம் அந்தக் காசநோயாளரிடம் ஒரே நாளில் சொல்லிவிட இயலுமா? யாம் இரண்டு மூன்று முறை சென்றோம். சகேயுவைப் பற்றிப் பேசினோம். பத்துக் குட்டரோகிகளைப் பற்றிப் பேசினோம். சுகமான குட்டரோகியைப் போய் ஆசாரியனிடம் காட்டு என்று இயேசு அனுப்பினாரே, அக்காலத்தில் நோய் நீங்கிற்றா என்று பார்த்துச் சான்று தருபவர் ஆசாரியன்தானே, இக்காலத்து ஆசாரியன் சளியைப் பரிசோதிப்பவர் அல்லரோ என்று கேட்டோம். அவர் சிரித்தார், விடை கூறவில்லை. கொல்லிமலைக் கிணற்றின் கதையை மட்டும் மிகக் கவனமாகக் கேட்டார். நரம்புச்சிலந்தியைத் தம் பாட்டனார் காலில் கண்டதாகத் தம் தந்தை சொல்லக் கேட்டிருக்கிறாராம். "பாட்டன் காலுல குச்சியில சுத்தித்தான் எடுத்தாங்களாம். பாதியில அறுந்து போச்சாம். கடைசி வரைக்கும் நொண்டித்தான் நடந்தாரு" என்றார். பிறகு நெடுநேரம் பேசாதிருந்து, "பாதியில விட்டதுதான் தப்பு, இல்லீங்களா சார்?" என்று கேட்டார்.

அடுத்த திங்கட்கிழமை அவர் சுகாதார நிலையத்திற்குச் சென்றார். இடையில் நிறுத்தியதால் மருந்துகளுக்கு நோய் கட்டுப்படுமா என்று மறுபடி பரிசோதித்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. மேடையில் சாட்சி சொன்னவர் மாத்திரைக்குத் திரும்பிவிட்டார் என்று அவருடைய ஜெபக் கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தனராம். அவர் கூட்டத்திற்குச் செல்வதை நிறுத்தவில்லை, மாத்திரையையும் நிறுத்தவில்லை. பையன் பள்ளிக்குத் திரும்பினான். மூன்று மாதப் பாடத்தை மாலை வகுப்பில் நடத்தினோம். அரசுப் பொதுத்தேர்வில் கணிதத்தில் மட்டும் தவறிவிட்டான். துணைத்தேர்வில் அதையும் எழுதித் தேறி, இவ்வாண்டு மேல்நிலை முதலாமாண்டில் சேர்ந்துள்ளான்.